சகலையின் நாவலை மதிப்பிட இயலாமைக்கு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையை விடாமல் வாசித்து, விடாமல் குறையும் சொல்லிவரும் பழைய சந்தாதாரன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், என் கடிதங்களைப் பிரித்து முதலில் பெருமூச்சு விடுகிற தங்கள் உதவியாசிரியரும் பூரண நலத்தோடு இருக்க வேண்டும். இங்கே நான் நலம். என் மனைவியும் நலம். என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதால் தொண்டையும் நன்றாக இருக்கிறது. நிற்க, தாங்கள் அனுப்பிய நாவலுக்கு மதிப்புரை எழுத என்னால் இயலாது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். ஒரு வரியில் முடிகிற விஷயம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் கையை விரிப்பது எனக்குப் பழக்கமில்லை.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை எரிந்துபோச்சு, கிடங்கில் தண்ணீர் புகுந்துபோச்சு என்று யாராவது நஷ்டஈடு கேட்டால், நான் நேரில் போய்க் குனிந்து, முகர்ந்து, தட்டிப் பார்த்து, உண்மையில் என்ன சேதம் என்று எழுதிக் கொடுப்பேன். ஓய்வுக்குப் பிறகு எரிந்த கடை எதுவும் கையில் கிடைக்காததால் தங்கள் மதிப்புரைப் பகுதியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் புத்தகமானாலும் ‘நெஞ்சை அள்ளும் நடை’, எந்த ஆசிரியரானாலும் ‘கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது’. உங்கள் ஆட்கள் புத்தகத்தைக் கையிலேயே எடுக்கவில்லை ஐயா, அப்புறம் எங்கே கீழே வைப்பது என்று காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் பிரசுரிக்காமல், “அப்படியானால் அடுத்ததை நீங்களே எழுதுங்களேன்” என்று பதில் போட்டீர்கள். அந்தப் பதிலை எதிர்வீட்டுக்காரர், தபால்காரர், பல் டாக்டர் எல்லாரிடமும் காட்டினேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்த நிலையிலேயே காட்டினேன்.

பார்சல் வந்தது. வழக்கம்போல் திருப்பிப் பார்த்து, மூலைகளை அழுத்திப் பார்த்து, நனையவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிரித்தேன். பின்னட்டையில் தாடையில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தைப் பார்த்துச் சிரித்தவர் என் சகலை. என் மனைவியின் அக்கா கணவர். மருந்துக்கடை நடத்துகிறவர். ஏதோ எழுதுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மருந்துச் சீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தங்களுக்கு எங்கள் உறவு தெரியாது, தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள். எங்கள் கம்பெனியில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: எரிந்தது சொந்தக்காரன் கடை என்றால் சர்வேயர் படியேறக் கூடாது, விலகிக்கொள்ள வேண்டும். அன்றைக்கே புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் என் மனைவி பின்னட்டையைப் பார்த்துவிட்டாள்.

“அத்தான் புக்குக்கு நீங்களா எழுதப்போறீங்க? அடேங்கப்பா! இருங்க, அக்காவுக்கு போன் போட்டுச் சொல்றேன்.”

“சொல்லாதே. சொந்தக்காரங்க புக்குக்கு நான் எழுதக் கூடாது.”

“சொந்தக்காரங்க எழுதாம வேற யாரு எழுதுவாங்க? நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டுப் போங்களேன். உங்க சொத்தா குறைஞ்சுடும்?”

போன் போட்டே விட்டாள். சகலை எழுத்தாளர் ஆகிவிட்டார், நான் விமர்சகன் ஆகிவிட்டேன் என்று மனைவி வழிச் சொந்தம் முழுக்கச் செய்தி பரவிற்று. இனிப் பின்வாங்கினால் பொறாமை என்பார்கள். எழுதி, அதில் குறை சொன்னாலும் பொறாமை என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இத்தனை வருஷமாக ஒரு மனத்தாங்கல் கிடையாது. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசாவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. அதை நான் ஒரு மதிப்புரையால் கெடுக்கப் போகிறேனே என்று உண்மையாகவே பயந்தேன்.

தாங்கள் புத்தகத்தோடு ஒரு குறிப்பும் வைத்திருந்தீர்கள். இரண்டு முறை படியுங்கள், ஆசிரியர் என்ன செய்ய நினைத்தார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த வேறொரு நாவலை அவர் எழுதவில்லையே என்று கோபப்படாதீர்கள், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் ஆதாரம் காட்டுங்கள், ஆளை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள் என்று அழகாகச் சொல்லியிருந்தீர்கள். இதில் ‘ஆதாரம்’ என்ற சொல் என் கண்ணில் பட்டதுதான் வினையாகப் போயிற்று. ஐயா, அந்த நாவலில் ஒரு துணிக்கடை எரிகிறது. ஒருவன் வீசிய சிகரெட் இறுகக் கட்டிய துணி மூட்டையில் விழுகிறது; கதாநாயகன் எதிர்க் கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மாடி வரைக்கும் சாம்பல். எத்தனை துணிக்கடை பார்த்தவன் நான்! இறுகக் கட்டிய துணி அப்படி எரியாது. கனலும், புகையும், ஊரையே இரும வைக்கும், ஆனால் லேசில் பற்றாது. இதை எழுதினால் போதாதே, ஆதாரம் வேண்டுமே. ஆகவே வீட்டுப் பின்புறத்தில் பழந்துணியை இறுக்கிக் கட்டி வைத்தேன். முனைக் கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். அதைப் பற்றவைத்து மூட்டையில் சொருகிவிட்டு, நாற்காலியைப் போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்தேன்.

நான் சொன்னபடியேதான் நடந்தது. பற்றவில்லை. ஆனால் புகைந்தது பாருங்கள், மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா ஜன்னலைத் திறந்து ஒரு கூப்பாடு போட்டுவிட்டுத் தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டார். அவர்கள் மணியடித்துக்கொண்டு வந்து, மூட்டையை நனைத்து, என்னை நனைத்து, என் டீயையும் நிரப்பிவிட்டார்கள். அவர்களுக்கு அதிகாரியாக வந்தவர் வேலையில் இருந்த காலத்திலேயே எனக்குப் பழக்கமானவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னை உற்றுப் பார்த்தார்.

“சார், நீங்களா? என்ன சார், ரிட்டயர் ஆனதும் கொளுத்துற பக்கம் சேர்ந்துட்டீங்களா?”

“புத்தக மதிப்புரை எழுதிக்கிட்டிருக்கேன்” என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டிவிட்டு, என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ விசாரித்தார். அவர்கள் போன பிறகு, மூட்டையில் இருந்த ஒரு போர்வை அவள் அக்கா ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்பது தெரியவந்தது. முனைக் கடைக்காரர் வேறு, “சாருக்கு இந்த வயசுல சிகரெட் எதுக்கும்மா?” என்று அவளிடம் அக்கறையாகக் கேட்டிருக்கிறார்.

“புக்கைப் படிக்கச் சொன்னாங்களா, கொளுத்தச் சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

ஈரம் காய்ந்ததும் மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி சர்வே அறிக்கை மாதிரி வந்துவிட்டது. ‘சேதமடைந்த பொருள்: ஒரு நாவல். சேதத்துக்குக் காரணம்: ஆசிரியரின் கவனக்குறைவு. மிஞ்சியது: அட்டை’ என்று இருந்தது. எனக்கே மனசு கேட்காமல் கிழித்துப் போட்டேன். அடுத்ததில் நெஞ்சை அள்ளும் நடை என்று ஆரம்பித்துக் கீழே வைக்க மனம் வராது என்று முடித்தேன். பாதி கோபம் தணிந்திருந்த என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இதை அத்தான் நம்புவாரா? நீங்க இதுவரைக்கும் எதையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? வெச்ச காபியையே ‘பரவாயில்லை’ன்னு குடிக்கிற ஆளு.”

வேறு வழியில்லாமல், தங்கள் குறிப்பை மதித்து, இரண்டாம் முறை படித்தேன். அப்போதுதான் துணிக்கடை எரிவது நாவல் இல்லை, எரிந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுவதுதான் நாவல் என்று புரிந்தது. தீயைப் பார்த்த அவசரத்தில் ஆட்களைப் பார்க்காமல் விட்டிருந்தேன். நாவலின் நடுவில் ஓர் இடம் வருகிறது. கடை எரிந்த மறுநாள் முதலாளி வருகிறார். சுவர் இல்லை, கூரை இல்லை, முன் கதவு மட்டும் கருகி நிற்கிறது. அவர் பக்கவாட்டில் தாராளமாக நுழையலாம். நுழையவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். ஐயா, இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த அறிக்கையிலும் இதற்கு இடம் இருக்கவில்லை. மருந்துக்கடையை விட்டு வெளியே வராத மனுஷனுக்கு இது எப்படித் தெரிந்தது? ஓரத்தில் ‘இது உண்மை’ என்று பென்சிலால் எழுதிவிட்டு, கொஞ்சநேரம் மேலே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காகக் குறைகளை விட்டுவிடவில்லை. பென்சில் தேயத் தேய எழுதினேன். முக்கியமாக, நாவலில் முதலாளியின் உறவினர் ஒருவர் வருகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாராம். பிஸ்கட் கொடுத்தால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பாராம். ‘இப்படியொரு ஆள் உலகத்திலேயே கிடையாது. நம்பும்படியாக இல்லை. நீக்கவும்’ என்று அவர் வரும் இடமெல்லாம் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சகலையும் அக்காவும் வந்துவிட்டார்கள். போர்வை விஷயம் வெளியே வராமல் பேச்சை எப்படித் திருப்புவது என்று நான் யோசிப்பதற்குள் சகலை மேஜை மேல் இருந்த புத்தகத்தை எடுத்துவிட்டார். நான் பாய்ந்தேன். எட்டவில்லை. புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். என் மனைவி முகம் செத்துவிட்டது. அக்கா கண்ணாடியைத் தேடினார். சகலை உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஓரங்களை மட்டும் படிக்க ஆரம்பித்தார். வைத்த காபி ஆறிப்போயிற்று. இத்தனை வருஷ உறவு இன்றோடு சரி என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

“சகலை, தப்பா எடுத்துக்காதீங்க. பென்சில்தான், அழிச்சுடலாம்” என்றேன்.

“அழிச்சீங்கன்னா கொன்னுடுவேன்” என்றார் சகலை. அவர் குரல் சரியாக இல்லை. “புக்கு வந்ததிலேர்ந்து எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னு சொல்றாங்க. எந்த இடம்னு கேட்டா முழிக்கிறாங்க. இதோ, இவளே பாதிதான் படிச்சிருக்கா.”

“முக்கால்வாசி” என்றார் அக்கா.

“முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். திட்டுறதுக்குன்னாலும் படிச்சிருக்கீங்க.”

அந்தச் சாவிக்கொத்துப் பக்கத்தைக் காட்டி, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீங்கதானே சொன்னீங்க? எங்க வீட்டுல சாப்பிடும்போது ஒருநாள் சொல்லிட்டு, பாதியில எழுந்து கை கழுவப் போயிட்டீங்களே. அன்னிக்குதான் இதை எழுதணும்னு தோணிச்சு.”

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சமாளிப்பதற்காக, அவர்கள் வாங்கி வந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். பிரிப்பதற்கு முன் வழக்கம்போல் திருப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகலை புத்தகத்தைப் பிரித்து, ‘இப்படியொரு ஆள் உலகத்திலேயே கிடையாது’ என்று என் கையெழுத்தை உரக்கப் படித்தார். என் மனைவி சிரித்த சிரிப்பில் டீச்சரம்மா மறுபடியும் ஜன்னலைத் திறந்துவிட்டார். கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். தேதி சரியாகத்தான் இருந்தது, அதனால் பிரித்துச் சாப்பிட்டோம்.

ஆக, ஐயா, நிலைமையைத் தாங்களே பாருங்கள். எழுதியவர் என் சகலை. நாவலில் வருகிறவன் நான். நல்ல பக்கமும் என்னிடமிருந்து போனது, நம்ப முடியாத ஆளும் என்னிடமிருந்து போனவன். இவ்வளவு சொந்தத்தை வைத்துக்கொண்டு நடுநிலை என்று நான் வாயைத் திறந்தால் எங்கள் பழைய கம்பெனி பென்ஷனை நிறுத்திவிடும். ஆகவே தயவுசெய்து எங்கள் இருவரையும் அறியாத ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள். அவர் முழுக்கப் படிப்பாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இனி எனக்கு எந்தப் புத்தகமும் அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் பத்திரிகையும் நீடூழி வாழ்ந்து, தாமதமில்லாமல் என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற சர்வேயர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சகலை போன் செய்தார். விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். “வேற யாருகிட்டயாவது குடுத்தா நெஞ்சை அள்ளிட்டுப் போயிடுவான் சகலை. நீங்களே எழுதுங்க. நல்லாத் திட்டி எழுதுங்க” என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு இத்துடன் உள்ள மதிப்புரையைப் பிரசுரிக்கவும். நூலாசிரியர் என் சகலை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். குறைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுத்திருக்கிறேன். பக்க எண்களைச் சரிபார்ப்பதற்குத்தான் சிரமமாகிவிட்டது. நான் பென்சிலால் எழுதிய பிரதியைச் சகலை கையோடு எடுத்துப் போய்விட்டார், கேட்டால் தர மாட்டேன் என்கிறார். அதனால் கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் இன்னொரு பிரதி வாங்கினேன். மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கீழே வைக்க மனம் வரவில்லை.