சவுரிமுத்துவின் விஸ்கி சவர்

சவுரிமுத்து தம் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு தீர்மானம் எடுத்தார். குடியை விடுவது என்றல்ல. அந்தத் தீர்மானத்தை அவர் வருஷா வருஷம் எடுத்து, ஒரு வாரம் வைத்திருந்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். இது வேறு. இனிமேல் மரியாதையாகக் குடிப்பது.

காரணம், கோவளத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்த ஆபீஸ் மேனேஜரின் பிரிவுபசார விருந்து. அங்கே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் விஸ்கியில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் விட்டு, மூடி போட்டுக் குலுக்கி, நுரை பொங்க ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, "ப்ளீஸ் சார்" என்று நீட்டினார். சவுரிமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தம்மைத்தான் சொல்கிறார் என்று புரிந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக மலிவு பார்களில் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் குடித்தவர் அவர். அங்கெல்லாம் அவருக்கு இருந்த பெயர், "யோவ், நவுரு."

மறுநாள் காலை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"மேரி, இனிமே நான் பார்ல குடிக்கப் போறதில்ல."

செல்வமேரி இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "நல்லது."

"வீட்லதான் குடிக்கப் போறேன்."

கரண்டி நின்றது.

"சனிக்கிழமை மட்டும்தான். ஆறு மணிலேர்ந்து ஏழரை. ரெண்டே ரெண்டு கிளாஸ். கிளாசிக் காக்டெயில். விஸ்கி சவர்."

"சவரமா?"

"சவர். புளிப்புன்னு அர்த்தம்."

"புளிப்புதான் வேணும்னா ரசம் வெச்சுத் தரேனே."

"உனக்குப் புரியாது. இது ஒரு கலை."

செல்வமேரி மறுபடி மாவைக் கரைக்கத் தொடங்கினாள். எங்கேயோ விழுந்து கிடப்பவரைத் தேடுவதைவிடக் கண்ணெதிரில் கிடப்பவரைத் தாண்டிப் போவது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். சரி என்றாள்.

பஹ்ரைனிலிருந்து வந்த தம்பி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த இரண்டு பாட்டில் விஸ்கி அலமாரியில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் பழசு. சவுரிமுத்து ஆன்லைனில் காக்டெயில் குலுக்குவதற்கு ஒரு ஷேக்கர் வாங்கினார். கீழ்வீட்டு சாலமனை அழைத்தார். சாலமன் சேலையூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். ஓசி என்றால் எதையும் கலையாக மதிப்பவன்.

முதல் சனிக்கிழமை ஷேக்கரைத் தோளுக்கு மேலே தூக்கி, வீடியோவில் பார்த்த மாதிரியே குலுக்கினார். மூடி கழன்றது. உள்ளே இருந்தது எல்லாம் நேரே மேலே போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் பட்டது. ஃபேன் பாரபட்சம் பார்க்கவில்லை. டிவி, காலண்டர், சோபா, சாலமனின் வழுக்கை என எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

சமையலறையிலிருந்து செல்வமேரி எட்டிப் பார்த்தாள். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் பத்தொன்பது வருஷமாக அசிஸ்டன்ட் அவள். ஒரு திரவத்தை இப்படி நடத்தி அவள் பார்த்ததில்லை.

"தள்ளுங்க," என்றாள்.

அறுபது மில்லி என்றால் அறுபது மில்லி. ஐம்பத்தொன்பதும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை. பாகைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ஊற்றினாள். மூடியை அமுக்கிப் பிடித்துப் பதினைந்து குலுக்கு. கோப்பையில் ஊற்றியபோது நுரை இரண்டு விரல் கனத்துக்கு நின்றது. சாலமன் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"அக்கா, இன்னாக்கா இது. கையில வித்தை கீது உனக்கு."

"இனிமே நானே போட்டுத் தரேன்," என்றாள் செல்வமேரி. "ஆனா நீங்க ரெண்டு பேரும் கிச்சன் பக்கம் வரக்கூடாது. பாட்டிலும் என்கிட்டதான் இருக்கும்."

சவுரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பரத்தில் தொடங்கி செங்கல்பட்டு வரைக்கும், பெண்டாட்டி கையால் காக்டெயில் வாங்கிக் குடிக்கும் ஆண்பிள்ளை எவன் இருக்கிறான்? இதை அவர் காலை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. எதிர் சீட்டுக்காரரிடமும் சொன்னார். அவர் அடுத்த ஸ்டேஷனில் இடம் மாறி உட்கார்ந்தார்.

இப்படியே ஜனவரி போனது. பிப்ரவரியில் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும் வழியில் செல்வமேரி மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தவக்காலம் நாப்பது நாளாவது விடுங்களேன்."

"விடறதுக்கு இது என்ன குடியா மேரி? கலை. கலைக்கு ஏது தவக்காலம்?"

"சரிங்க," என்றாள்.

அங்கேதான் சவுரிமுத்து சுதாரித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் செல்வமேரி எந்த வாக்குவாதத்தையும் 'சரிங்க' என்று முடித்ததில்லை. ஆனால் அவர் அப்போது சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்ற கவலையில் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்த கோப்பை முன்பைவிட ஒரு படி மேலே இருந்தது.

"இன்னிக்கு ஒரு காட்டம் கீது அண்ணா," என்றான் சாலமன். "தொண்டையில சுர்ருங்குது."

சவுரிமுத்து கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். "அது ஓக் மரம் சாலமா. பன்னண்டு வருஷம் ஓக் பீப்பாயில ஊறின வாசனை. நடு நாக்குல தெரியும் பாரு."

சாலமன் தேடிப் பார்த்தான். "எனக்கு ஓரத்துல தெரியுது."

"பழகப் பழக நடுவுக்கு வந்துடும்."

இரண்டாவது கோப்பை முடியும்போது அவருக்கு நன்றாக ஏறிவிட்டது. ஏறியதும் தைரியம் வந்தது. மூன்றாவது சனிக்கிழமை அந்தத் தைரியம் வாய் வரைக்கும் வந்தது.

"மேரி, ஒரு உண்மையைச் சொல்லட்டா? நீ வைக்கிற மீன் குழம்பு இருக்கே, அது குழம்பே இல்ல. மீன் குளிச்ச தண்ணி."

சாலமன் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான். செல்வமேரி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்ட சவுரிமுத்து, போனை எடுத்து மைத்துனர் ஆரோனைக் கூப்பிட்டார். ஆரோன் பங்குக் கோயிலின் பாடகர் குழுத் தலைவர். அவர் எதிரில் சவுரிமுத்து இதுவரை உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

"மச்சான், நீங்க மூக்கால பாடறீங்க. ஆண்டவர் மன்னிப்பார். நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

மறுநாள் காலையில் கண் விழித்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அதுவும் வரிவரியாக வந்தது. காபியோடு வந்த மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போர்வைக்குள்ளிருந்தே பேசினார்.

"மேரி, நேத்து நான் பேசல. உள்ள போனது பேசிடுச்சு."

"தெரியாதா எனக்கு? நிதானத்துல இருக்கற மனுஷன் அப்படியெல்லாம் பேசுவாரா? அண்ணன்கிட்டயும் அதையேதான் சொல்லி வெச்சேன்."

சவுரிமுத்து போர்வையை விலக்கினார். உலகம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. அன்றிலிருந்து அவர் வாரம் முழுக்க, ரயிலில் போகும்போதும் வரும்போதும், சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்து வைத்தார். சனிக்கிழமை ஏழு மணிக்கு அவிழ்த்தார். ஆரோன் வீட்டு விருந்தின் உப்பு பற்றிச் சொன்னார். மாமியாரின் தொலைபேசிக் குரல் பற்றிச் சொன்னார். கல்யாணத்தன்று தமக்குப் போட்ட கோட்டு யாருடையது என்று கேட்டார். ஞாயிறு காலையில், "உள்ள போனது பேசிடுச்சு," என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிகூட இப்போதெல்லாம் வருவதில்லை.

"நல்ல சரக்குன்னா அப்படித்தான்," என்று சாலமனுக்கு விளக்கினார்.

இப்படி ஆறு சனிக்கிழமை. ஏழாவது பெரிய சனி, அன்று கோயிலிலேயே பொழுது போனது. பிறகு ஈஸ்டர்.

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையின் முடிவில் பங்குத்தந்தை மைக்கைப் பிடித்தார். சாம்பல் புதன் வாரத்தில் தவக்கால ஒறுத்தலை, அதாவது எதைத் துறக்கிறோம் என்பதை, சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டவர்களில், மதுவைத் தொடாமல் இருப்பதாக எழுதி நாற்பது நாளும் காப்பாற்றியதாக வீட்டார் உறுதி சொன்னவர்களை முன்னால் அழைத்தார். நான்கு பெயர். மூன்றாவது பெயர் சவுரிமுத்து.

சவுரிமுத்துவுக்கு முதலில் வேறு யாரோ என்று தோன்றியது. பிறகு மனைவியின் பக்கம் குனிந்தார்.

"மேரி, என் பேரை யார் எழுதிப் போட்டது?"

"நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா? ஆறு சனிக்கிழமை குடிச்சிருக்கேன். பீடத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்லைங்க. எழுந்து போங்க."

"எப்படிப் பொய் இல்ல?"

செல்வமேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "சாம்பல் புதன்லேர்ந்து நான் ஒரு சொட்டு ஊத்தல. டீ டிகாக்ஷன், இஞ்சிச் சாறு, மிளகு. நுரைக்கு முட்டை."

"அந்த ஓக் வாசனை?"

"ஓமம். பன்னண்டு நிமிஷம் ஊற வெச்சேன்."

சவுரிமுத்து பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ எனக்கு ஏறுச்சே?"

"அது நீங்களா ஏத்திக்கிட்டது."

"அப்படின்னா, நான் பேசினதெல்லாம்..."

"நீங்க பேசினதுதான். ஒவ்வொரு வார்த்தையும்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணனுக்கும் இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன். போங்க, ஃபாதர் பார்க்கிறார்."

பாடகர் குழுவிலிருந்து ஆரோனும் பார்த்துக்கொண்டிருந்தார். சவுரிமுத்து தரையைப் பார்த்தபடியே நடந்து பீடத்தருகே போனார். பங்குத்தந்தை அவர் தோளில் கை போட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தை எப்படி ஜெயித்தீர்கள், இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்.

சவுரிமுத்து யோசித்தார். கோயிலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"என் மனைவிதான் காரணம்," என்றார்.

கோயிலே கைதட்டியது. ஆரோன் மூக்கால் ஒரு அல்லேலூயா எடுத்தார். வழக்கத்தைவிட நீளமாக.

மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு செல்வமேரி மிச்சமிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சாம்பல் புதன் அன்று எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் இருந்தது.

"இந்தாங்க உங்க கலை. இனிமே உங்க இஷ்டம்."

சவுரிமுத்துவுக்கு ரோஷம் வந்தது. இன்றைக்கு நிஜமாகவே குடித்துக் காட்டுவது என்று சாலமனைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். சாலமன் ரொம்ப நேரம் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "நான் அன்னிக்கு மாடிப்படியில வுயுந்தேனே அண்ணா, அதுவும் சும்மாதானா?" என்று கேட்டான்.

சவுரிமுத்து தாமே அளந்தார். அறுபது மில்லி. மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக் குலுக்கினார். நுரைகூடச் சுமாராக வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் கையில் தேய்க்கும் பஞ்சைப் பிழிந்து குடித்த மாதிரி இருந்தது. சவுரிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்தது. சாலமன் இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"இன்னொரு வாய் குடிச்சா சரியாயிடும்," என்றார் சவுரிமுத்து.

குடித்தார்கள். சரியாகவில்லை.

"அண்ணா," சாலமன் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தான். "இதுல அந்த ஓக் இல்லியே."

சவுரிமுத்துவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, படுக்கையறை வாசலில் போய் நின்று தொண்டையைக் கனைத்தார். செல்வமேரி ஃபேனுக்கு அடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"மேரி. அந்தப் பழைய மாதிரி ரெண்டு கிளாஸ் கிடைக்குமா?"

"அது நான் தவக்காலத்துக்குப் பண்ண ஒறுத்தல்ங்க. முடிஞ்சிடுச்சு." அவள் கண்ணைத் திறக்காமலே திரும்பிப் படுத்தாள். "இஞ்சி கூடையில இருக்கு. தோல் சீவி, இடிச்சு, வடிகட்டிக்கங்க. எனக்கும் சேர்த்து மூணு கிளாஸா போடுங்க."