பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஆவி காட்டிய கதை

தாங்கள் செய்யும் வேலையை உறவினர்களுக்குப் புரியவைக்க முடியாதவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். மற்றவர்கள் செய்தே காட்டிவிடலாம் என்று கிளம்புவார்கள். நான் கிளம்பினேன்.

அப்போது பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். விண்வெளியிலிருந்து ஓயாமல் பூமியின்மேல் பொழிந்துகொண்டிருக்கும் துகள்களைப் பற்றிய ஆய்வு. அவற்றில் மிகுந்த ஆற்றலோடு வருகிறவை எங்கிருந்து புறப்படுகின்றன என்பது இன்றுவரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் ஆண்டர்சன்பேட்டையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் என் அப்பா, பல்பு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பாப்பா கண்டுபுடிச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புகழைக் கேட்டு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். அவருடைய அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் தொழிலாளி. சுரங்கம் மூடிய பிறகு, நுரையீரல் கெட்டு இறந்துபோனவர். அம்மா பெயர் சாந்தா. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (வீட்டில் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். கௌரவம் இருக்கிறதல்லவா.)

பெண் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று அவர்கள் தரகரிடம் கேட்டார்களாம். அதுதான் என்னைக் கெடுத்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து மேகப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி அது. மேலே ஸ்பிரிட்டில் நனைத்த துணி, அடியில் கறுப்புத் தகடு, அதற்கும் கீழே ட்ரை ஐஸ் (உருகாமல் அப்படியே காற்றாகிப் போகும் பனிக்கட்டி). ஸ்பிரிட் ஆவியாகிக் கீழே இறங்கிக் குளிரும். அதன் ஊடே ஒரு துகள் பாய்ந்தால், போன வழி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். இருட்டும் பக்கவாட்டில் ஒரு டார்ச் வெளிச்சமும் வேண்டும்.

ட்ரை ஐஸைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காலை ரயிலில் மடிமேல் சுமந்து வந்தேன். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் ராகு காலம் கழித்து வந்தார்கள். அதற்குள் பாதி ஐஸ் காற்றோடு போயிருந்தது.

மாப்பிள்ளை, சாந்தா அம்மா, மாப்பிள்ளையின் பெரியம்மா ஆகிய மூன்று பேரையும் பெட்டியைச் சுற்றி உட்காரவைத்து, ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்தேன். பெரியம்மா மூக்கைச் சுளித்து, என் அப்பா இருந்த பக்கமாகத் திரும்பினார். சாராயம் கலந்திருக்குமோ என்று இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர் அப்பா. அவரைக் காப்பாற்றும் அவசரத்தில் நான், "அது அப்பா இல்லீங்க, ஸ்பிரிட்டு" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

பெட்டிக்குள் மங்கலான புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் போதவில்லை. நேரம் போகப் போக, பேசியாவது சமாளிக்கலாம் என்று தொடங்கினேன். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று ஆங்கிலம் கலக்காமல் வேறு பேசினேன்.

"இந்தப் பெட்டிக்குள்ள ஆவி கீதுங்க. கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு மேலருந்து வந்து மனுஷங்க உடம்புல பூந்து போவுது. அது ஆவிகிட்ட வரும்போது நாம பாக்கலாம்."

இருட்டில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"யாரு உடம்புல?" என்று கேட்டார் பெரியம்மா.

"எல்லாரு உடம்புலயும்தாங்க. இப்பகூட உங்க உடம்புல பூந்துக்கினுதான் கீது."

அவர் எழுந்த வேகத்தில் முந்தானை மேஜை முனையில் மாட்டி, பெட்டி சரிந்தது. அடியிலிருந்த ஐஸ் தரையில் சிதற, வெண்புகை எல்லோருடைய கால்களையும் மூடியபடி பரவியது. (அன்றைய நிகழ்ச்சியில் ஒழுங்காக நடந்த ஒரே இயற்பியல் அதுதான்.) பெரியம்மா வெறுங்காலோடு தெருவுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கேசரியை யாரும் தொடவில்லை. சாயங்காலமே தரகர் வந்து, அந்த இடம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். நான் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்சம் அழுதேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தா அம்மா தனியாக வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு சொன்னியேமா, மேலருந்து வுழுதுன்னு. பூமிக்கு அடியில போனாலும் வுழுமா?"

பாறை தடுத்துவிடும், ஆழம் போகப் போகக் குறையும் என்றேன். பாறையாலும் தடுக்க முடியாத வேறொரு துகளைத் தேடித்தான் அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் நம் சுரங்கத்துக்குள்ளேயே கருவிகளை இறக்கினார்கள் என்றும் சொன்னேன்.

"எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கீறாரு. பெட்டி பெட்டியா, சுரங்கத்துல எறங்கற கேஜ்ல ஏத்திக்கினு போவாங்கன்னு." நான் நீட்டிய காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். "அப்ப ஷிப்டுல இருந்த நேரம் அவரு மேல அது படல."

"அநேகமா படலீங்க."

காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூசுதான் பட்டுது" என்றார்.

அந்த ஆழத்தை, துகள்களை வடிகட்டித் தரும் வசதியான பாறையாக மட்டுமே நான் படித்திருந்தேன். அதற்குள் தினமும் ஆட்கள் இறங்கி, மூச்சு விட்டு, ஏறி வந்தார்கள் என்பது, இதே ஊரில் பிறந்தும், என் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அன்றுதான் முதல்முறையாக நான் எதையும் விளக்காமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் நிறைய ஐஸோடு வந்து அவருக்காகவே பெட்டியை மறுபடி வைத்தேன். இந்த முறை கோடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. சாந்தா அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகனுக்குப் பேத்தமங்களாவில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். போனேன். மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உறவினர் ஒவ்வொருவரிடமும், "ஆவி காட்டுமே, அந்தப் பொண்ணு இதான்" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார்.

இப்போது எனக்கு முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. அந்த உறவு வட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. போன மாதம்கூட பூதிகோட்டையிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, செத்துப்போன தன் மாமியார் மீன் குழம்பில் கடைசியாக என்ன போடுவார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அதெல்லாம் என்னால் முடியாது என்றேன்.

"இன்னாமா, டாக்டர் பட்டமெல்லாம் வாங்கிக்கீற" என்று வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.