ஹம்சாவின் புருவம்

அபிராமபுரம் பஞ்சாட்சரம் ஒரு சபதம் செய்தார். இனி மனைவி ஹம்சாவின் வஞ்சப்புகழ்ச்சி தன்னிடம் பலிக்காது!

காரணம், மயிலாப்பூரில் அவர் கேட்ட ஒரு மூளை டாக்டரின் சொற்பொழிவு. வார்த்தையின் அர்த்தத்தை மூளையின் இடப்பக்கம் பிடித்துக்கொள்ளுமாம். குரலில் ஒளிந்திருக்கும் குத்தலை வலப்பக்கம் மோப்பம் பிடிக்குமாம். சொன்னவர் மனசில் என்ன இருக்கிறது என்று நெற்றிக்குப் பின்னாலிருக்கும் பகுதி தீர்ப்புச் சொல்லுமாம். பஞ்சாட்சரத்துக்குப் பகீரென்றது. இருபத்திரண்டு வருஷமாக ஹம்சாவின் பேச்சைக் குத்துவிளக்கு என்று நினைத்துப் பூரித்திருந்தாரே, அதில் பாதி வெறும் குத்து!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடமே ஒப்பித்தார். மறுநாள் காலை, வழக்கம்போல ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார்.

“ஆஹா, கட்டிலுக்கு நல்ல குளிர்ச்சி! தலைகாணிக்கும் ஒண்ணு போடுங்களேன்” என்றாள் ஹம்சா.

வார்த்தை இனிப்பு. குரல் இழுவை. புருவம் மேலே.

“குத்தல்!” என்று கூவியபடி துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். ஹம்சா அசந்துபோய் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் ஹம்சாவின் தம்பி கபாலி வீடு மாறினான். அன்றைக்குத்தான் கிரிக்கெட் இறுதிப்போட்டி. முதுகுவலி, மூட்டுவலி என்று இரண்டு சாக்குகளைத் தயாராக வைத்திருந்தார் பஞ்சாட்சரம்.

“நீங்க வர வேணாங்க. சௌகரியமா மேட்ச் பாருங்க. நான் பஸ்ல போய்க்கறேன்” என்றாள் ஹம்சா.

குரலில் இழுவை. புருவமோ நெற்றி உச்சியில்!

“என்கிட்டயேவா? இதோ, சட்டை போட்டாச்சு. கிளம்பு!”

நங்கநல்லூர் வீட்டில் முப்பத்தாறு படி. பீரோவின் ஒரு முனையில் பஞ்சாட்சரம், மறுமுனையில் கபாலி. மாடியில் இறக்கி வைத்ததும் கபாலி அக்காவைக் கேட்டான்:

“மாமாவை எப்படிக்கா கூட்டிட்டு வந்தே?”

“வாங்கன்னு கூப்பிட்டா வலி வந்துடும்டா. அதான் வர வேணாம்னு சொல்லிட்டு, புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினேன்.”

பீரோவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்துக்குக் கோபம் வரவில்லை. மலைப்புதான் வந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் விளக்கியதை இவள் ஒற்றைப் புருவத்தில் முடித்துவிட்டாளே!

“உன் மூளையே மூளை, ஹம்சா!” என்றார் மனசார.

கபாலிக்குச் சந்தேகம். “அக்கா, மாமா குத்தலா சொல்றாரோ?”

“சேச்சே! அதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணும்டா” என்றாள் ஹம்சா.