மூன்றாம் மாடியில் ஒரு 'பெண் ஹவுஸ்'

பெண் பார்க்க வந்தவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் அப்பா கட்டிய வீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டார் வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

ஆரணிக் கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து, பட்டுப் புடவை வியாபாரியான அப்பா மூன்று மாடி எழுப்பினார். கீழே இருந்த வீடுகள் எல்லாம் விற்றுவிட்டன. உச்சியில் இருந்தது மட்டும் நின்றுவிட்டது. வந்தவர்கள் இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கித் திரும்பினார்கள். (லிஃப்ட்டா? எங்கள் தெருவிலா? அப்போதா?)

எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அப்பா அனுப்ப மாட்டேன் என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள மேல் வூட்ட வித்துக் காட்டு, வேலைக்குப் போ. இல்லன்னா ஆவணியில கல்யாணம். பேஜார் பண்ணாம ஒத்துக்கணும்."

நான் அப்போது உலகம் தெரிந்தவள் (என்று எனக்கு மட்டும் தெரியும்). சென்னைப் பேப்பரில் உச்சி மாடி வீட்டுக்குப் 'பென்ட்ஹவுஸ்' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். அதையே தாளில் எழுதி, 'ஞாயிறு காலை பார்க்க வரவும்' என்றும் சேர்த்து, போர்டு எழுதும் பெயிண்டரிடம் கொடுத்தேன். பாவம், கல்யாண மண்டபங்களுக்கு எழுதியே பழகிய மனிதர். அவர் ஞாயிறு விடிகாலையில்தான் போர்டை மாட்டினார். அப்போது நான் மேலே தரை கழுவிக்கொண்டிருந்தேன்.

கழுவி முடிப்பதற்குள் செய்யாரிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் பூவும் பழமுமாக மூன்று மாடி ஏறி வந்தார்கள். வீடு பார்க்க இவ்வளவு மங்களகரமாக வருகிறார்களே என்று பூரித்துப்போனேன். அப்பாவும் பக்கத்தில் நின்றார்.

"நல்லா பாத்துக்குங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி யாரனா வந்து பாத்துகினு போனாங்களா?"

"ஏழெட்டுப் பேருங்க. யாருக்கும் ஒத்து வரல."

"ஏன், எதுனா குறை இருக்குதா?"

"மழையில கொஞ்சம் ஒழுகுச்சுங்க. இப்ப சரி பண்ணிட்டோம்."

மகன் எழுந்தே நின்றுவிட்டார். அந்த அம்மா அப்பாவிடம் திரும்பி, "ஏங்க, பொண்ணத்தான் காட்டுங்களேன். தரகர் இந்தத் தெருன்னாரு. நீங்களும் வாசல்லயே 'பெண் ஹவுஸ்'னு போர்டு போட்டு வெச்சிருக்கீங்க" என்றார்.

('நீ தப்பா எழுதியிருந்த பாப்பா, நான்தான் திருத்தினேன்' என்று பிற்பாடு பெயிண்டர் பெருமையாகச் சொன்னார்.)

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டாரா? "அதுக்கென்னங்க, நம்ம வூட்லயும் பொண்ணு இருக்குது. இதோ, இவதான்" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்றால்கூட மூன்று மாடி இறங்க வேண்டும். தலையில் துண்டு, இடுப்பில் தூக்கிச் செருகிய பாவாடை, கையில் துடைப்பத்தோடு நின்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து மொட்டை மாடிப் பக்கம் போனார். கோட்டை மைதானத்தையும் கோயில் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டு காற்றில் வெகுநேரம் நின்றார்.

"பொண்ணு வேணாங்க, ரொம்பப் பேசுது. வூட்ட முடிச்சிக்கலாமா?"

ஆடி பிறக்கும் முன்பே வீடு கைமாறியது. தரகர் சொன்ன பெண் நாலு வீடு தள்ளி இருந்தாள்; மகனுக்கு அவளையே முடித்தார்கள். அப்பா வாக்குத் தவறவில்லை. சென்னை பஸ்ஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பத்திரம் பத்திரம் என்று அது கிளம்பும்வரை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அவரிடம் அப்பா சொன்ன முதல் செய்தியே இதுதான்: "ரெண்டு புடவை விரிச்சுக் காட்டினேங்க. உசந்தத செய்யார்க்காரம்மா எடுத்துகினு போயிட்டாங்க."

அப்பா இப்போது இல்லை. ஆரணி போனால் அந்தத் தெருவில் நின்று உச்சி மாடியை அண்ணாந்து பார்ப்பேன். என் கணவரும் பார்ப்பார். அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்:

"ஏம்மா, இப்பவும் மழையில ஒழுகுதா?"