நெய்ச்சோற்றுக்கு மேல் ஒரு சாரன்

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று மாமியார் வீட்டில் குடியிருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சோறு வரும், கேட்காமலே தேத்தண்ணி வரும். ஏறாவூரில் இருந்து ஒரு பெட்டியோடு காத்தான்குடிக்கு வந்து சேர்ந்த நான், அதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த வீட்டுக்கு நானும் பிரயோசனமானவன் என்று காட்ட ஆசைப்பட்டேன், அங்கேதான் பிழையாகிப் போனது.

வீட்டின் பின்வேலிக்கு அப்பால் வாவி. மாமிக்கு எதற்கெடுத்தாலும் லஞ்ச்சீட் வேண்டும். சோற்றுப் பார்சல் கட்டுகிற அந்த மெல்லிய பொலித்தீன் தாளைப் பீங்கானுக்கு மேல் விரித்துச் சாப்பிட்டால் பீங்கான் கழுவத் தேவையில்லை. கறிச்சட்டிக்கு அதுதான் மூடி, மீனுக்கு அதுதான் உறை. காற்றடித்தால் பாதி போய் வாவிக்கரைக் கண்ணா மரங்களில் தொங்கும். வலை வீசுகிறவர்கள் மீனுக்கு முதல் எங்கள் வீட்டு லஞ்ச்சீட்டைத்தான் பிடிப்பார்கள். (நேற்று எங்கள் வீட்டில் என்ன கறி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

காசு கொடுத்து வாங்கி, ஒரு வேளை பாவித்து, வாவிக்கு அனுப்பி வைக்கிறோமே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். ஒருமுறை வாங்கினால் நெடுநாள் உழைக்கிற சாமான், பூமிக்கும் கெடுதல் இல்லாத சாமான் என்று எத்தனை விதம்! முதலில் வீட்டில் எல்லாருக்கும் மூங்கில் பல்தூரிகை வாங்கினேன். மண்ணில் போட்டால் உக்கிவிடும் என்று சொன்னார்கள். குளியலறைத் தட்டில் வைத்தாலே கறையான் தின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தது, சட்டி கழுவப் பீர்க்கங்காய் நார். கொடியிலேயே காயை முற்றவிட்டுக் காயவைத்து, நாரெடுத்து, மாமியின் கையில் கொடுத்தேன். மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஞ்சா இருக்கக்குள்ள பறிச்சிருந்தா ஒரு கறி ஆகியிருக்கும் மருமகன்."

இதற்கெல்லாம் மனம் தளர்கிற ஆளா நான்? மெழுகுத் துணிக்குப் போனேன். பருத்தித் துணியில் தேன்மெழுகைச் சீவித் தூவி, மேலே கடதாசி வைத்து, அயன் பிடித்தால் மெழுகு துணியில் ஊறிவிடும். அப்புறம் அந்தத் துணி எந்தப் பாத்திரத்தையும் ஒட்டிப் பிடித்து மூடும். கழுவிக் கழுவித் திரும்பப் பாவிக்கலாம், லஞ்ச்சீட்டே வேண்டாம். கதிரவெளியில் இருந்து காட்டுத்தேன் கொண்டுவருகிற மனிதரிடம் மெழுகு வாங்கினேன். துணிக்கு, பின்னறையில் கிடந்த பழந்துணி மூட்டையைக் கிளறி, நீலக் கட்டம் போட்ட நல்ல கனதியான ஒரு பழைய சாரனை, அதுதான் ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற கைலியை, எடுத்தேன். (நன்றாக அவித்துத் துவைத்தேன். இதை நான் பிற்பாடு பலமுறை சத்தியம் செய்ய வேண்டி வந்தது.) சாரனை இரண்டாக வெட்டி மெழுகு பூசி, ஒன்றைத் தயிர்ச் சட்டிக்கு மூடினேன். சட்டியைச் சரித்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வீடியோவின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதற்குள் டேட்டா முடிந்துவிட்டது. முக்கியமானதெல்லாம் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் மனைவி ரிஸானாவின் தங்கை ஷிபாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் பேச வருவதாக இருந்தது. ஏற்கனவே இரண்டு பேச்சு வாசல் வரை வந்து குழம்பிப் போயிருந்தன. இந்த முறை மாப்பிள்ளையை ஷிபாவுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதது போல் நடந்துகொண்டோம். முதல் நாள் பின்னேரம் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"மச்சான், ஒங்களுக்கு நன்மை கிடைக்கும். நாளைக்கு மட்டும் நீங்க ஒண்டும் செய்யாம இருங்க."

"நான் என்னத்தச் செய்யப் போறன்?" என்று சிரித்தேன்.

காலையில் வீடு நெய்ச்சோற்று வாசத்தில் மிதந்தது. மாமா சில நாளாகவே செய்வதுபோல் அன்றைக்கும் எதையோ தேடி அறை அறையாக நடந்துகொண்டிருந்தார். மாமி என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், லஞ்ச்சீட் முடிஞ்சி. சஹனுக்கு மூட ஒரு கட்டு வாங்கித்து வாங்க."

சஹன் என்றால் பலபேர் சுற்றியிருந்து ஒன்றாய்ச் சாப்பிடுகிற பெரிய தட்டு. ஜும்ஆ தொழுகைக்கு முன் சோற்றைக் கொட்டி இறுக்கி மூடி வைத்துவிட்டால், ஆண்கள் பள்ளியில் இருந்து வரும்வரை சூடு ஆறாது. நான் "ஓம் மாமி" என்றேன். கடைக்குப் போகவில்லை. என் மெழுகுத் துணியின் அரங்கேற்றத்துக்கு இதைவிட நல்ல நாள் வருமா?

பள்ளியில் ஜும்ஆவுக்கு வாங்கு சொல்லித் தொழ அழைக்கும் நேரம் மாமிக்கு விஷயம் தெரிந்தது. கடைகளெல்லாம் கதவு போட்டாயிற்று. மாமி என் கையில் இருந்த துணிகளை வெறித்துப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஏனோ சொல்லவில்லை.

"என்னத்தையாவது மூடுங்க. ஈ மொய்க்கப் போகுது" என்று மட்டும் சொன்னார். ஆவி பறக்கும் இரண்டு சஹன்களையும் என் கையாலேயே மூடி, ஓரத்தை அமத்தி, பெருமையோடு பள்ளிக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் வாப்பாவை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். சொந்தத் தறிக் கொட்டில் வைத்திருப்பவர். நெஞ்சளவு வெள்ளைத் தாடி, அதிகம் பேசாத மனிதர். தன் பக்கத்து ஆண்களோடு வந்து மண்டபத்தில் அமர்ந்தார். பெண்கள் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். சஹன் வந்தது.

நான் குனிந்து துணியைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். சோற்றின் மேற்பாதி துணியோடு சேர்ந்து எழுந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்தது. துணியில் இருந்த மெழுகில் பெரும்பகுதி உருகிச் சோற்றில் இறங்கியிருந்தது. வீடியோவின் கடைசிப் பகுதியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பிஸ்மில்லாஹ்" என்று ஹாஜியார் முதல் பிடியை வாயில் வைத்தார். "மாஷா அல்லாஹ், சோத்துல தேன் மணக்குது! என்ன பக்குவம் இது?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். சூடான சோற்றில் மெழுகும் நெய் மாதிரித்தான் வழுக்கிக்கொண்டு போனது. அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் ஓடியாடி, ஐஸ் போட்ட சர்பத்தை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

சாப்பாடு முடிந்தது. இனிக் கல்யாணப் பேச்சு. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் பேசவில்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் விரலால் பல்லைச் சுரண்டினார். இன்னொருவர் உதட்டை விரித்து விரித்து மூடினார். குளிர் பட்டதும் மெழுகு ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் இறுகிவிட்டது. ஹாஜியாரின் தாடி நுனி கூராக ஒட்டிப்போய் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் மௌனம்தான். கல்யாணம் பேச வந்த இடத்தில் மௌனம் என்றால் என்ன அர்த்தம்? என் போன் துடித்தது. ரிஸானா அனுப்பியிருந்தாள்: "என்ன சத்தத்தக் காணல்ல? குழம்பிட்டா? ஷிபா அழுறா."

அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்று ஒரே ஒரு காரியம்தான் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டிருந்தாள்.

அந்த மௌனத்தை மாமாதான் உடைத்தார். மூலையில் நான் சுருட்டிப் போட்டிருந்த துணியையே கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து நின்றார்.

"டேய்! இது என்ட சாரனெல்லா!"

இத்தனை நாளாக அவர் தேடிய சாமான் அதுதான். மண்டபத்தில் எல்லார் கண்ணும் முதலில் சாரனுக்குப் போனது. பிறகு காலியான சஹனுக்குப் போனது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாவிக்குள் குதித்து மறுகரையில் ஏறி, அப்படியே எங்காவது போய்விடலாமா என்று யோசித்தேன்.

"இஞ்ச கொண்டாங்க" என்று ஹாஜியார் கையை நீட்டினார். பல்லில் ஒட்டிய மெழுகோடு அவர் பேசிய முதல் வார்த்தை.

எடுத்துக் கொடுத்தேன். நகத்தால் மெழுகைச் சுரண்டினார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரையை விரலால் தடவினார்.

"இது எங்கட கொட்டில்ல நெய்ஞ்ச சாரன். எப்ப வாங்கினீங்க?"

"ரிஸானா பொறந்த வருசம். இத உடுத்தாத்தான் எனக்கு நித்திர வரும்" என்றார் மாமா, பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "இத என்ன செஞ்சீங்க மகன்?"

அவித்ததில் இருந்து அயன் பிடித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பாத்தீங்களா!" ஹாஜியார் துணியைத் தன் ஆட்களிடம் நீட்டினார். "அவிச்சி, மெழுகு பூசி, அயன் புடிச்சி, சுடுசோத்துல வேகவெச்சும் சாயம் போகல்ல!" ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, மெழுகுத் தாடி மேலும் கீழும் ஆடியது. "எங்கட சாரன இவ்வளவு காலம் வெச்சிருக்கிற வீட்டுக்கு மகனத் தாறத்துக்கு நான் என்னத்த யோசிக்க?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மெழுகுதான் காரணம் என்று ரிஸானாவிடம் சொன்னேன்.)

அன்றைக்கு மாமி என்னை ஒரு சொல் ஏசவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மாமா மானம் போகிற மாதிரி அந்தப் பழஞ்சாரனோடேயே திரிகிறார் என்று, அதை ஒளித்துப் பழந்துணி மூட்டைக்குள் போட்டதே மாமிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

கல்யாணத்துக்கு ஹாஜியார் சஹன் மூடுவதற்கென்றே தடித்த துணிகள் நெய்து அனுப்பினார். மெழுகு கிழுகு ஒன்றும் இல்லை, வெறும் துணி. இன்றும் எங்கள் வீட்டில் அதுதான் பாவனை. துவைத்துத் துவைத்துப் பாவிக்கிறோம், லஞ்ச்சீட் வாங்குவதையே மாமி விட்டுவிட்டார். கண்ணா மரங்களில் தொங்குவது இப்போது அயல்வீட்டார் லஞ்ச்சீட் மட்டும்தான். ஆனால் அந்தப் பெருமையில் எனக்கு யாரும் பங்கு தருவதில்லை. ஷிபாவின் மாப்பிள்ளை ஒவ்வொரு பெருநாளைக்கும் எனக்கு ஒரு சாரன் கொண்டுவந்து, "மச்சான், இது உடுக்கிறத்துக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக் கையில் தருவார். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால், மாமி அடுப்பு மூட்டுவார். மாமா கொடியில் கிடக்கிற தன் சாரன்களை ஒன்றுவிடாமல் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சஹனுக்கு முன்னால் வந்து அமர்வார்.