லெட் சித்தப்பாவுக்கு ஒரு டம்ளர் காபி

கெமிஸ்ட்ரி லேபில் உப்பு பாட்டிலைப் பார்த்து "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் எங்கள் ராஜபாளையம் ஹாஸ்டலில் நாங்கள் 'பந்தி' என்று கூப்பிட்ட நண்பன்தான். அவன் நிஜப் பெயர் அட்டெண்டன்ஸ் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

எது தண்ணீரில் கரையும், எது கரையாது என்ற அட்டவணையை நாங்கள் மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். அவன் மட்டும் வத்திராயிருப்பிலிருக்கும் தன் சொந்தபந்தம் மொத்தத்தையும் அதற்குள் குடியேற்றிவிட்டான்.

"தண்ணிதாம்லே கல்யாண மண்டபம்" என்பான். "உப்பு உள்ள போனதும் ஜோடியை விட்டுட்டுக் கூட்டத்துல கலந்துரும். ஆனா பகையாளி எதிர்ல வந்தான்னு வையி, ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடிச்சு ரெண்டு பேரும் தரையில விழுவாக. அந்தக் குவியல்தான் வீழ்படிவு."

நைட்ரேட் அவன் தாய்மாமா. யார் வம்புக்கும் போகாதவர், எந்தப் பந்தியிலும் உட்காரலாம். பேரியம் பெரியப்பாவையும் சல்பேட் சம்பந்தியையும் ஒரே தெருவில்கூட விடக் கூடாது. குளோரைடு அவன் அப்பா. ஊரோடு ஒத்துப்போவார். சில்வர் அத்தை, மெர்க்குரி மாப்பிள்ளை, ஈயமாகிய லெட் சித்தப்பா, இந்த மூன்று பேரைக் கண்டால் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்.

யார் பக்கத்தில் யார் என்று வாழை இலை வரிசையாகவே ஹாஸ்டல் சுவரில் வரைந்து வைத்திருந்தான். வார்டன் வந்து பார்த்தார்.

"யாருக்குடா கல்யாணம்?"

"சோடியத்துக்கு சார். எல்லாரும் வாராக."

அன்று மாலை அறை முழுவதற்கும் வெள்ளையடித்தோம். வெள்ளையடித்த சுவரில் அவன் மறுபடி வரைந்தான். இந்த முறை வார்டனுக்கும் ஒரு இலை போட்டிருந்தான், பேரியத்துக்குப் பக்கத்தில்.

எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அரியர். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு மில் லேபில் வேலை தயாராக இருந்தது. இந்த முறையும் ஊற்றிக்கொண்டால் அது வேறு எவனுக்கோ போய்விடும். பந்திக்குத் தேர்வே கிடையாது, எப்போதோ பாஸாகிவிட்டான். ஆனாலும் ஒரு வாரம் என்னைப் பெற்றவன் மாதிரி பின்னாலேயே திரிந்தான். பல் துலக்கும்போது வந்து, "சில்வர் அத்தை யாரு கூடலே பேச மாட்டா?" என்பான். வாயில் நுரையோடு பதில் சொன்னால்தான் பக்கெட்டையே விடுவான்.

தேர்வு நாள். எனக்குக் கொடுத்த உப்பு தண்ணீரில் சமர்த்தாகக் கரைந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். பளிச்சென்று வெள்ளை வீழ்படிவு. குளோரைடு அப்பா யாரையோ பிடித்துவிட்டார். மூன்று பேரில் யாரை? எதிரில் வெளியூர் எக்ஸாமினர் மேடம்.

அப்போது பந்தியின் குரல் காதுக்குள் கேட்டது. "லெட் சித்தப்பா மட்டும் சூடா எதாச்சும் குடிச்சா பிடியை விட்டுருவாரு. ஆறுனா மறுபடி பிடிச்சுக்குவாரு. மத்த ரெண்டு பேரும் வெந்நியத் தலையில ஊத்துனாலும் விட மாட்டாக."

கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். வெள்ளை மொத்தமும் கரைந்து மறைந்தது. குழாயடியில் காட்டி ஆற வைத்தேன். ஊசி ஊசியாகத் திரும்பி வந்தது. சித்தப்பாவேதான்.

"எப்படிப்பா இது லெட்டுன்னு முடிவு பண்ணே?" என்றார் மேடம்.

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "சித்தப்பா சூடானா விட்டுருவாரு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தச் சித்தப்பா?"

"லெட் சித்தப்பா மேடம்."

"அப்ப இதுல இருக்கிற நைட்ரேட்?"

"தாய்மாமா மேடம். தங்கமான மனுசன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பாஸ்.

அந்த மில் வேலையில்தான் இன்று சம்பளம் வாங்குகிறேன்.

போன தையில் பந்தியின் தங்கைக்குக் கல்யாணம். வத்திராயிருப்புக்குப் போனேன். அட்டவணை அப்படியே உயிரோடு நின்றது. கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த முறை என்று தம்பியோடு சண்டை போட்டுப் பேச்சை விட்டுவிட்ட பந்தியின் அப்பா மேடையோரம். அந்தத் தம்பி, பந்தியின் நிஜச் சித்தப்பா, மண்டப வாசலைத் தாண்டவே இல்லை. பந்தி சாம்பார் வாளியோடு நின்று அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

நான் வாசலுக்குப் போனேன். "சித்தப்பா, உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம்யா."

"சூடா இருக்கு சித்தப்பா. செத்த நேரம்தான்."

கையைப் பிடித்துக் காபி அண்டாவரை இழுத்து வந்துவிட்டேன். அடுத்து அப்பாவையும் கூட்டி வந்தேன். இரண்டு பேர் கையிலும் ஆவி பறக்கும் டம்ளர். ஊதினார்கள். குடித்தார்கள். மறுபடி ஊதினார்கள்.

அப்பாதான் டம்ளரைப் பார்த்தபடி கேட்டார். "கெணத்துல தண்ணி கெடக்காலே?"

"கெடக்குண்ணே."

பின்னாலிருந்து சாம்பார் வாளி என் முதுகில் இடித்தது. "ஆற விடாதலே" என்றான் பந்தி. "இன்னொரு டம்ளர் ஊத்து."

ஊற்றினேன். அவன் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இப்போதும் காபி என் பொறுப்புதான்.