வெய்க்கோவின் உரத்தில் கை வைத்தவள்

இந்தக் கோடையில் தூண்டிலைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று ஆர்மாஸ் வைராக்கியம் பூண்டிருந்தான். ஏரிக்கரையில் அவர்களுடைய கோடை வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. தோட்டத்து மூலையில் மரக் கழிப்பறை, அடியில் தொட்டி. அது விளிம்புவரை நிறைந்துவிட்டது.

"தொட்டியைக் காலி பண்ணி, சமையல் கழிவோட சேர்த்து மக்க வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் மனைவி ஹில்க்கா.

"என்னையா மக்குங்கறே?"

"நான் குப்பையைச் சொன்னேன். நீங்க ஏன் ரெண்டையும் குழப்பிக்கிறீங்க?"

மறுநாள் காலை ஹில்க்கா தலைசீவி, கையில் ஏலக்காய் ரொட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது முகம் ஜொலித்தது.

"வெய்க்கோவோட உரம் இருக்கே, மழை பெஞ்ச காடு மாதிரி வாசனை! என் கையைப் பிடிச்சு உள்ள வெச்சுக் காட்டினாரு. என்ன கதகதப்பு!"

ஆர்மாஸுக்குக் காபி புரையேறியது. "கையைப் பிடிச்சானா?"

"பிடிக்காம எப்படி வைக்கிறது?"

"எவ்வளவு நேரம்?"

"சூடு தெரியற வரைக்கும்."

தூண்டில் சுவரில் சாய்ந்தது. ஆர்மாஸ் மூக்கில் துணியைக் கட்டினான். தொட்டியைச் சுமந்து, பலகை அடித்த பெட்டியில் கவிழ்த்தான். உருளைக்கிழங்குத் தோல், மீன் முள், மரப்பட்டைத் தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு வேர்க்க விறுவிறுக்கக் கிளறினான். அந்தச் சண்டாளன் வெய்க்கோவின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. வேலிப்பக்கம் தலைகூடத் திருப்பவில்லை.

ஹில்க்கா வந்து எட்டிப் பார்த்தாள். "பரவாயில்ல. ஆனா அவரோடது ஆவி விடுது."

அன்று முதல் ஆர்மாஸ் சவுனா நீராவிக் குளியலில் வேர்த்ததைவிடப் பெட்டியருகே வேர்த்ததுதான் அதிகம். தூக்கத்தில்கூட "அவன் கையை எடு, அவன் கையை எடு" என்று புலம்பினான்.

ஒரு குளிர்ந்த காலையில் அவனுடைய குவியலிலிருந்தும் ஆவி எழுந்தது! மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெய்க்கோவின் கர்வத்தை அடக்க வேலியைத் தாண்டினான்.

அங்கே வெய்க்கோ முழங்கால்வரை சேற்றோடு, மூக்கில் துணியோடு நின்றான். ஆர்மாஸைக் கண்டதும் மண்வெட்டியை ஓங்கிக் கத்தினான்.

"யோவ்! என் பெண்டாட்டி கையைப் பிடிச்சு உன் உரத்துல வெச்சியாமே?"

"நானா? நீதானே என் பெண்டாட்டி கையை வெச்சே!"

"எதுல வைக்கிறது? என் தொட்டியையே போன வாரம்தானே காலி பண்ணினேன்! ஆர்மாஸ் உரம் ஆவி விடுது, ஆவி விடுதுன்னு என் பெண்டாட்டி ஐலா உயிரை எடுத்துட்டா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏரியைப் பார்த்தார்கள். படகுத்துறையில் ஹில்க்காவும் ஐலாவும் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்மாஸ் தடதடவென்று போய் நின்றான். "ஹில்க்கா! என்னடி நாடகம் இது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு பதற்றம்? ஒரு வெட்கம்? மருந்துக்கும் இல்லை.

"ரெண்டு பேருமே மண்வெட்டியோட வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. படகை எடுங்க. அக்கரையில சில்வி வீட்டுத் தொட்டி நிறைஞ்சு வழியுது. பாவம், புருஷனை இழந்தவ. அவளுக்காகப் பொறாமைப்பட ஆளில்ல."